இரண்டாம் முறை போவதற்குத்தான் பணம் வேண்டும்

ஆசிரியருக்கு,

நான் ஓய்வுபெற்ற வயர்மேன். எங்கள் தன்னார்வக் குழுவில் ஐந்து பேர். சனிக்கிழமைகளில், கூப்பிட்டவர்கள் வீட்டுக்குப் போய் எந்தக் கருவி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்து காட்டுகிறோம். ஐவருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாட் மீட்டர்.

அந்த மீட்டர் செய்கிற வேலையை எந்தத் துண்டுப் பிரசுரமும் செய்யாது. ரிமோட்டில் அணைத்திருந்த செட்டாப் பாக்ஸை அதில் செருகினேன்; 12 வாட் காட்டியது. நாள் முழுக்க அப்படியே கிடந்தால் மாதம் எட்டரை யூனிட். "அணைச்சுத்தானே வெச்சிருக்கேன்?" என்று அந்த வீட்டம்மா இரண்டு தடவை கேட்டார். (என் வீட்டிலும் இதே கதைதான். கண்டுபிடித்தது நானல்ல, என் மனைவி.) இன்னொரு வீட்டில் ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் காகிதத்தை வைத்து மூடி இழுத்தேன். பிடிப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. புது ஃபிரிட்ஜ் வாங்க இருந்தவர்கள் கதவின் ரப்பர் பட்டையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

முதல் முறை போகும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் பாதி வீடுகளில் செட்டாப் பாக்ஸ் பழையபடி எரிந்துகொண்டிருக்கும். எல்இடி மாற்றிய வீட்டில் "இதுக்கு என்ன கரண்ட் ஆகப்போகுது" என்று பகலிலும் விளக்கு எரியும். உட்கார்ந்து, இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பேசினால்தான் பழக்கம் மாறுகிறது.

உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தோம். மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு கேட்டார்கள். எங்களிடம் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம். எத்தனை கூட்டம் நடத்தினீர்கள், எத்தனை பேர் வந்தார்கள், புகைப்படம் உண்டா என்று படிவத்தில் கட்டங்கள் இருந்தன. எத்தனை யூனிட் குறைந்தது என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. கூட்டத்துக்குப் பணம் தந்தால் கூட்டம்தான் நடக்கும்.

பெரிய தொகை எதுவும் கேட்கவில்லை. குழுவுக்கு இரண்டு மீட்டர், போக்குவரத்துச் செலவு, கதவைத் திறப்பவரிடம் காட்ட அரசு முத்திரையோடு ஓர் அடையாளக் கடிதம். வீட்டுக்காரர் சம்மதித்தால் அவருடைய பழைய பில் விவரம். பணத்தில் பாதியை, இரண்டாம் முறை போய்க் குறித்துவந்த ரீடிங்கைப் பார்த்த பிறகே கொடுக்கட்டும். எங்களுக்கு அதில் வருத்தமில்லை.

மீட்டர் மட்டும் சீக்கிரம் வந்தால் நல்லது. எங்களுடையதன் திரை மங்கிவிட்டது. 8 எது, 3 எது என்று வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன் ஒருவர்