இதயச் சுவர்களின் தாமதத்தை அளக்கக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இடது கீழறையின் சுவர்கள் சேர்ந்து சுருங்குகின்றனவா, முன்பின்னாகச் சுருங்குகின்றனவா என்று எக்கோவில், அதாவது ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனையில், அளந்துவந்த எங்கள் ஆய்வு முடிந்தது. ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நன்றிக்கு இரண்டு வரிதான் இடம். அது போதாது என்பதால் இந்த மடல்.

முதலில் நோயாளிகள். மல்லாந்தாலே மூச்சு வாங்குகிறவர்களை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மூச்சை விட்டு அப்படியே நிறுத்துங்கள் என்றோம். படம் சரியாக வராவிட்டால் இன்னொரு தடவை என்றோம். இதனால் தங்கள் மருந்துச் சீட்டில் ஒன்றும் மாறப்போவதில்லை என்று தெரிந்தேதான் ஒத்துழைத்தார்கள்.

அப்புறம் எக்கோ டெக்னீஷியன்கள். நொடிக்கு 40 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் 25 மில்லி செகண்டு. நாங்கள் எல்லைக்கோடாக வைத்த தாமதமோ எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 65 மில்லி செகண்டு. அந்த வேகத்தில் எடுத்த படத்தை வைத்து என்ன சொல்ல முடியும்? படத்தின் அகலத்தைக் குறுக்கி, சுவர் நகரும் வேகத்தை அளக்கும் திசு டாப்ளர் முறையில் நொடிக்கு 100 ஃபிரேமுக்கு மேல் வரும்வரை, நெஞ்சில் வைத்துப் படம் எடுக்கும் புரோபை அவர்கள் கீழே வைத்ததில்லை.

நான் அதிகம் கடன்பட்டிருப்பது, என் அளவுகளைப் பார்க்காமல் அதே படங்களைத் தனியாக அளந்த நண்பருக்கு. ஒரே சுவரின் வேகத்தைக் காட்டும் வளைவில் இரண்டு மேடுகள் தெரியும். தாமதத்தைக் கணக்கிட எதை உச்சமாக எடுப்பது? நான் உயரமானதைத் தொடுவேன்; அவர், ரத்தம் இதயத்தை விட்டு வெளியேறும் வாயிலான மகாதமனி வால்வு மூடும் இடத்தில் கோடு போட்டு, அதற்குப் பின்னால் வரும் மேடு ரத்தத்தை வெளியே தள்ள உதவாது என்பார். சண்டைதான், தினமும்! ஆனால் அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. 2008-இல் வெளியான பிராஸ்பெக்ட் ஆய்வில் 12 எக்கோ அளவுகளைச் சோதித்தார்கள். யாருக்கு இரு கீழறைகளையும் சேர்த்துத் தூண்டும் பேஸ்மேக்கர் பலன் தரும் என்பதை நம்பிச் சொல்ல ஒன்றுகூடத் தேறவில்லை. அளப்பவருக்கு அளப்பவர் எண் மாறியது. 2013-இல் வந்த எக்கோ-சிஆர்டி ஆய்வில், ஈசிஜியில் கியூஆர்எஸ் (கீழறைகளில் மின்தூண்டல் பரவ ஆகும் நேரம்) 130 மில்லி செகண்டுக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு, எக்கோ காட்டிய தாமதத்தை நம்பி அதே சிகிச்சை கொடுத்தபோது இறப்பு கூடியது. அளவு பிசகினால் யார் தலையில் விடியும் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசத்தையும் அட்டவணையில் போடச் சொன்ன புள்ளியியலாளருக்கும் நன்றி. போட்டிருக்கிறோம்.

பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் முடிவுகளை எளிய நடையில் எழுதி அனுப்புகிறோம். புரியாத இடம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.