டான் என்றால் என்ன சாதி? மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. என் அக்கா, அதாவது உன் அம்மா, உன்னிடம் கேட்ட கேள்வியை நைசாக என் பக்கம் தள்ளிவிட்டாய். "மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் டான். ஹாங்காங்கில் இருக்கிற பெரியவர் சான். தைப்பேயில் இருக்கிறவர் சென். மூணும் ஒரே பேர் என்கிறார்கள். இது என்ன கணக்கு? டான் என்றால் என்ன சாதி?" இதற்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி மாளாது. சீனச் சம்பந்தம் வந்த நம் வீடுகளில் எல்லாம் இதே கேள்வி ஓடுகிறது. மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

சாதி இல்லை. முதலில் அதை அக்காவிடம் சொல்லிவிடு.

டான், சான், சென் மூன்றும் சீனத்தில் ஒரே எழுத்து. பேச்சுமொழிக்குப் பேச்சுமொழி உச்சரிப்புதான் வேறு. ஹொக்கியனும் தியோச்சூவும் டான் என்பார்கள், கேண்டனீஸ்காரர்கள் சான், ஹக்காக்காரர்கள் சின், மாண்டரினில் சென். மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், சிபுவில் குடியேறிய பூச்சோவ் மக்களிடம் திங். கொரியாவில் ஜின், வியட்நாமில் திரான். சிங்கப்பூர், மலாயாத் துறைமுகங்களில் வெள்ளைக்காரன் ஆபீசில் இருந்த கிராணி (குமாஸ்தா) காதில் விழுந்ததை எழுதினார், அதுவே அடையாள அட்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆக, ஒருவர் டானா சானா என்பது அவருடைய பாட்டன் என்ன மொழி பேசினான், எந்தப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறினான் என்பதைச் சொல்லும். அவருக்கும் இன்னொரு டானுக்கும் ரத்த உறவு உண்டா என்பதைச் சொல்லவே சொல்லாது. சீனாவில் மட்டும் இந்தப் பெயரில் 5 கோடிக்கு மேல் ஆட்கள். அங்கே வாங், லி, ஜாங், லியூ என்ற நான்குக்கு அடுத்து ஐந்தாவது இடம். தைவானில் முதலிடம், நூற்றுக்குப் பதினொரு பேர் சென். சிங்கப்பூர்ச் சீனர்களிலும் டான்தான் முதலிடம். இத்தனை பேரும் பங்காளி என்றால் கல்யாண மண்டபம் தாங்காது.

மூலக்கதையைக் கேட்டால் பெரியவர்கள் ஷுன் என்ற ஆதி அரசனில் தொடங்குவார்கள். ஷுன் புராணம், அதை விட்டுவிடலாம். சௌ வம்சத்து அரசன் வூ, ஷாங் அரசைக் கவிழ்த்தான். ஏறக்குறைய கி.மு. 1046 என்று கணக்கு. பழைய அரச குலங்களின் வாரிசுகளுக்கு ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்தபோது, ஷுன் வழி வந்தவன் என்று மான் என்பவனைப் பிடித்து, தன் மூத்த மகளையும் கட்டிக்கொடுத்து, சென் என்ற பகுதியைக் கொடுத்தான். இன்றைய ஹெனான் மாநிலத்தில் ஹுவாய்யாங் என்ற ஊர்தான் அந்த நாட்டின் தலைநகராக இருந்த இடம். உலகம் முழுவதிலிருந்தும் டான்களும் சான்களும் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள்.

கி.மு. 479 வாக்கில் சூ என்ற பெரிய நாடு இந்தச் சின்ன நாட்டை விழுங்கிவிட்டது. நாடு போனது, பெயர் ஆட்களோடு ஒட்டிக்கொண்டது. ராஜ குடும்பம் மட்டுமா எடுத்துக்கொண்டது? அந்தக் காலத்தில் சாதாரணக் குடியானவனுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அது எல்லாருக்கும் பரவியது பின்னால்தான். அப்போது அந்த மண்ணைச் சேர்ந்த எத்தனையோ பேர் ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், ராஜ வம்சத்திலேயே ஒரு கிளை இந்தப் பெயரை விட்டுவிட்டது. கி.மு. 672இல் சென் வான் என்ற இளவரசன் உள்நாட்டுக் குழப்பத்துக்குப் பயந்து சி என்ற நாட்டுக்கு ஓடினான். அங்கே கைவினைஞர்களை மேற்பார்க்கும் வேலை கிடைத்தது. அவன் வழியினர் தியன் என்று பெயர் மாறி, தலைமுறை தலைமுறையாகச் செல்வாக்கு சேர்த்து, கி.மு. 386இல் அடைக்கலம் கொடுத்த நாட்டையே எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு உன் அலுவலகத்தில் தியன் என்று யாராவது இருந்தால், கதைப்படி அவர் உன் மாமனாருக்கு, பக்கத்து வீட்டு டானைவிட நெருங்கிய உறவாக இருந்தாலும் இருக்கலாம்.

பிறகு கி.மு. 209. அப்போது சீனாவை ஆண்ட சின் பேரரசுக்கு எதிராக முதலில் கிளம்பியவன் சென் ஷெங். கூலிக்கு உழுதவன். "அரசனும் பிரபுவும் தளபதியும் அமைச்சனும் என்ன தனி விதையிலா முளைத்தார்கள்?" என்று அவன் கேட்டதாக சீன வரலாற்று நூல் எழுதி வைத்திருக்கிறது. சாதி கேட்ட அக்காவுக்கு நான் அனுப்ப நினைப்பது இந்த ஒரு வரியைத்தான். நீயே அனுப்பு, என் பெயரைச் சொல்லாதே.

வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் உண்டு. கி.பி. 496இல் வடக்கை ஆண்ட சியன்பெய் இனத்து அரசன், தன் மக்கள் எல்லாரும் சீனப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை போட்டான். ஹௌமோசென் என்ற நீளப் பெயர் வால் மட்டும் மிஞ்சி சென் ஆனது. அவர்கள் வந்தது புல்வெளியிலிருந்து, ஹுவாய்யாங்கிலிருந்து இல்லை.

மாப்பிள்ளையின் தாத்தா வீட்டு வாசலுக்கு மேலே இரண்டு எழுத்துப் பலகை இருந்தால் படம் எடுத்து அனுப்பு. பெரும்பாலும் யிங்சுவான் என்று இருக்கும். மலாக்காவிலும் பினாங்கிலும் டான் சங்க வீடுகளில் அதே பெயர்தான். ஹெனானில் உள்ள பழைய வட்டாரம் அது. ஹான் காலத்தில், கி.பி. 2ஆம் நூற்றாண்டில், அங்கே சென் ஷி என்ற பெரிய மனிதர் இருந்தார். ஒரு ராத்திரி திருடன் ஒருவன் அவர் வீட்டு உத்திரத்தில் ஏறி ஒளிந்திருந்தான். அவர் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. பிள்ளைகளையும் பேரன்களையும் எழுப்பி உட்கார வைத்து, "கெட்டவன் பிறக்கும்போதே கெட்டவன் இல்லை, பழக்கம் அப்படி ஆக்கிவிடுகிறது. அதோ உத்திரத்தின் மேல் இருக்கும் கனவானைப் போல" என்றார். திருடன் குதித்து வந்து காலில் விழுந்தான். இரண்டு சுருள் பட்டுத்துணி கொடுத்து அனுப்பினாராம். சீனர்கள் இன்றும் திருடனை "உத்திரத்துக் கனவான்" என்பார்கள். இப்படி ஒரு ஆளை முன்னோர் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஜப்பானின் நாகசாகியில் மொழிபெயர்ப்பாளர்களாக இருந்த சென் குடும்பம் ஒன்று இந்த யிங்சுவானையே குடும்பப் பெயராக்கி, ஜப்பானிய உச்சரிப்பில் எகாவா ஆகிவிட்டது.

557 முதல் 589 வரை நான்கிங்கைத் தலைநகராக வைத்து சென் வம்சம் என்றே ஒன்று ஆண்டது. ஆளும் குடும்பத்தின் பெயரே வம்சத்தின் பெயரான சீன அரசு அது ஒன்றுதான். அவ்வளவுதான் அதில் விசேஷம்.

எனக்குப் பிடித்த கதை வேறு. ஜியாங்சி மாநிலத்தில் தெஆன் என்ற இடத்தில் ஒரு சென் குடும்பம் சொத்தைப் பிரிக்காமல் முந்நூறு வருடத்துக்கு மேல் ஒன்றாகவே இருந்தது. கடைசியில் சுமார் 3,900 பேர் என்று அவர்களின் வம்சாவளி ஏடுகள் சொல்கின்றன. எல்லாருக்கும் ஒரே சமையல், ஒரே கல்லா. வீட்டு விதிமுறைகளை எழுதி வைத்து நடந்தார்கள், பிள்ளைகளுக்குச் சொந்தப் பள்ளிக்கூடம். வீட்டில் நூறு நாய், ஒரே தொட்டியில் சாப்பாடு, ஒரு நாய் வரவில்லை என்றால் மற்றவை வாய் வைக்காதாம். நாய்க் கதையை நம்பு, நம்பாமல் போ. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு, அத்தனை பேர் ஒரே அடுப்பில் சாப்பிட்டதை நம்புவதுதான் கஷ்டமாக இருக்கிறது. சோங் பேரரசர்கள் முதலில் விருது கொடுத்தார்கள், அரிசி கொடுத்தார்கள். பிறகு பயம் வந்துவிட்டது போல. 1062இல் பிரிந்து போகச் சொல்லி ஆணை. 291 பிரிவாகப் பல மாநிலங்களுக்குப் போனார்கள் என்று ஏடுகளில் கணக்கு இருக்கிறது. தென்சீனாவில் பல சென் குடும்பங்கள் தங்களை அந்த 291இல் ஒன்றாகச் சொல்லிக்கொள்கின்றன. சொத்துப் பிரிக்க ராஜாவே வர வேண்டியிருந்தது என்று அக்காவிடம் சொல், சிரிப்பாள்.

நம் பக்கத்து டான்களுக்கு நேரடி வாசல் தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் மாநிலம். 669இல் டாங் பேரரசு அங்கே கலகத்தை அடக்க ஒரு படையை அனுப்பியது. தளபதி இறந்தபின் மகன் சென் யுவான்குவாங் பொறுப்பேற்று, 686இல் ஜாங்சோ என்ற புது மாவட்டத்தை ஏற்படுத்தினார், 711இல் சண்டையில் செத்தார். ஜாங்சோ மக்கள் அவரைத் தெய்வமாக்கிவிட்டார்கள். சிங்கப்பூர் மேகசின் சாலையில் போ சியாக் கெங் கோயில் இருக்கிறதே, 1870களில் டான் கிம் சிங்கும் டான் பெங் சுவீயும் சேர்ந்து கட்டியது, அங்கே இருப்பவர் அவர்தான். அந்த டான் கிம் சிங்கின் அப்பாதான் நாம் அவசரத்துக்கு ஓடும் மருத்துவமனைக்குப் பெயர் கொடுத்த டான் டோக் செங். (பெயரில் முதலில் இருப்பதுதான் குடும்பப் பெயர். மாமனாரை "மிஸ்டர் செங்" கணக்கில் கூப்பிட்டுவிடாதே.) ஆனால் அந்த மலைகளில் முன்பே இருந்த ஷெ இனத்தவருக்கு சென் யுவான்குவாங் நிலத்தைப் பிடிக்க வந்தவர். கோயிலில் அந்தப் பாதிக் கதையைச் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் படை ஹெனானின் கூஷி என்ற ஊரிலிருந்து வந்தது என்பார்கள். ஃபூஜியனில் யாரைக் கேட்டாலும் "எங்கள் பூர்வீகம் கூஷி" என்பார். சோங் காலத்திலேயே ஜெங் சியாவ் என்ற அறிஞர், அவரும் ஃபூஜியன்காரர்தான், இதைச் சந்தேகப்பட்டு எழுதிவிட்டார். 10ஆம் நூற்றாண்டில் ஃபூஜியனை ஆண்ட வாங் குடும்பம் கூஷிக்காரர்கள், தங்கள் ஊர்க்காரர்களுக்குச் சலுகை கொடுத்தார்கள், அதனால் ஆளாளுக்கு கூஷி ஆனார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

வியட்நாம் கதை தனி ரகம். ஃபூஜியனிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் மீனவர் குடும்பம் ஒன்று, திரான் என்ற பெயரோடு செவ்வாற்றுப் படுகையில் பெரிய கை ஆனது. 1225இல் அரியணையில் இருந்தது லி வம்சத்துச் சின்னப் பெண், ஏழெட்டு வயது. திரான் து தோ என்ற தந்திரசாலி, அவளைத் தன் குடும்பத்துச் சின்னப் பையனுக்குக் கட்டிவைத்து அரியணையை அவன் பெயருக்கு எழுதி வாங்கிவிட்டார். 1232இல் லி பெயர் கொண்டவர்கள் எல்லாரும் நுயென் என்று மாற வேண்டும் என்று ஆணை வேறு. இந்த வம்சம்தான் 1285லும் 1288லும் மங்கோலியர்களை விரட்டியது. ஒரே குடும்பப் பெயருக்குள் கல்யாணம் செய்வது சீனச் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. திரான் அரசர்களோ அரியணை வெளியே போகக் கூடாது என்று சொந்தப் பங்காளிக்குள்ளேயே பெண் எடுத்தார்கள். வியட்நாமில் இன்று நுயென்னுக்கு அடுத்த பெரிய பெயர் திரான்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாய்லாந்தில் 1913இல் எல்லாருக்கும் குடும்பப் பெயர் கட்டாயமானது. அங்கே பல சீனக் குடும்பங்கள் நீளமான தாய் பெயர் எடுத்துக்கொண்டன. பாங்காக் பேங்க் நிறுவனர் சின் சோபொன்பனிச்சும் ஒரு டான்தான், பெயரில் அது தெரியாது. இந்தோனேசியாவில் 1966க்குப் பிறகு சீனப் பெயர்களை மாற்றச் சொல்லி நெருக்கடி. டான் என்பது தனோதோ, சுதாந்தோ என்று உள்ளே ஒளிந்துகொண்டது. சுகாந்தோ தனோதோ என்ற பெரும் பணக்காரரின் பழைய பெயர் டான் காங் ஹூ. ஆனால் "டான் மலாக்கா" என்ற இந்தோனேசியப் புரட்சிக்காரர் சீனர் இல்லை. அவர் சுமத்ராவின் மினாங்கபாவ் இனத்தவர், அது பட்டப் பெயர். நம் டான்ஸ்ரீயும் அப்படித்தான், மலாய்ப் பட்டம். டான்ஸ்ரீ டான் என்று பத்திரிகையில் வந்தால் எழுத்துப்பிழை இல்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே சான் ஜாக்கி சான். அவர் பூர்வீகத்தில் சானே இல்லை. அப்பாவின் பெயர் ஃபாங், ஹாங்காங் வந்த அப்பா சான் ஆகிவிட்டார்.

தென்சீனாவின் குவாங்சோ நகரத்தில் 1894இல் கட்டி முடித்த சென் குலமண்டபத்தைப் பார்த்தால் இந்தப் பெயர் எப்படி வேலை செய்தது என்று புரியும். குவாங்டொங் மாநிலத்தின் 72 மாவட்டங்களிலிருந்து சென் குடும்பங்கள் பணம் போட்டுக் கட்டியது. நகரத்துக்குப் பரீட்சை எழுத வரும் பையன்கள் தங்க இடம் வேண்டும், வழக்கு வியாஜ்யத்துக்கு வருபவனுக்கு ஒரு திண்ணை வேண்டும். உன் பாட்டனும் என் பாட்டனும் அண்ணன் தம்பியா என்று யாரும் துருவவில்லை. கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்திரீட் பக்கத்தில் உள்ள சான் சங்கக் கட்டடம் அதைப் பார்த்துக் கட்டியதுதான். கப்பல் விட்டு இறங்கியவனுக்கு வேலை, கடன், செத்தால் தூக்கிப் போட நாலு பேர், எல்லாம் இந்தப் பெயரை வைத்துக் கிடைத்தது.

நீ கேட்ட இன்னொன்று: கல்யாணத்துக்குப் பிறகு நீயும் டான் ஆக வேண்டுமா? வேண்டாம். சீன வழக்கத்தில் பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. உன் மாமியாரின் அடையாள அட்டையைப் பார், டான் இருக்காது. பிள்ளைகளுக்கு அப்பா பெயர் போகும். அதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரவில்லை.

மாமனாரிடம் "எந்த டான்?" என்று கேட்டால் முழிப்பார். "தாத்தா எந்த ஊர்?" என்று கேள். ஜாங்சோவா, டொங்ஆனா, சௌசோவா என்று சொல்வார். அப்புறம் அவர் வீட்டுத் தலைமுறை எழுத்து என்ன என்று கேள். அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் பெயரில் பொதுவாக வரும் ஒரு எழுத்து, குடும்பத்தில் ஒரு பாட்டு மாதிரி வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். தைப்பேக்காரர் உண்மையிலேயே சொந்தமா என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டும் கிடைத்ததும் எனக்கு அனுப்பு, மற்றதை நான் தேடிப் பார்க்கிறேன். பினாங்கு வந்தால் பீச் ஸ்திரீட் பக்கத்து டான் கொங்சிக்கு (குலச் சங்க வீடு) மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம், அத்தையும் வருவாள்.

அன்புடன்,
மாமா