கூடுதல் நேரம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவிட் தொற்றுக்குப் பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் உபாதைதான் நெடுங்கோவிட். அது உள்ள மாணவர் என்றதும் பல்கலைக்கழகங்கள் நீட்டும் முதல் சலுகை, தேர்வில் கூடுதல் நேரம். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமானால் பலருக்கு அது உதவியல்ல, சுமை. உழைப்புக்குப் பின் வரும் சரிவுதான் இந்நோயில் பலரை முடக்குகிறது. அது உடனே வருவதில்லை. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே வரும். திங்களன்று நன்றாக எழுதியவர் புதன்கிழமை தலை தூக்க முடியாமல் கிடப்பார். ‘அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தார்’ என்ற சந்தேகம் பிறப்பதும் இங்கேதான். கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் படுத்து ஓய்வெடுக்க இடைவேளையும், இரண்டு தேர்வுகளுக்கு நடுவே மூன்று நாள் இடைவெளியும் கொடுத்துப் பாருங்கள்.

சிலருக்கு எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடிவிடும். படுத்த நிலையில் எடுக்கும் ஈ.சி.ஜி.யில் இது தெரியாது. ஆய்வக மேசையருகே ஓர் உயர நாற்காலி, பேராசிரியருக்கு உட்கார்ந்து பாடம் நடத்த அனுமதி, இவ்வளவுதான் செலவு.

பணிக்குத் திரும்பும் ஊழியருக்கு வாராவாரம் நேரத்தைக் கூட்டும் அட்டவணை போடுகிறார்கள். ஏறத்தான் அதில் படி இருக்கிறது, சரிவு வந்தால் இறங்க வழியில்லை.

இன்னொன்று, சான்றிதழ். நெடுங்கோவிட்டை உறுதிசெய்யத் தனியொரு பரிசோதனை கிடையாது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வரையறை, தொற்று ‘இருந்திருக்கக்கூடும்’ என்றாலே ஏற்கிறது. பழைய பாசிட்டிவ் அறிக்கை இல்லை என்று சலுகை கேட்கும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.