குழாய் தாங்காத இடத்தில் ஹைட்ரன்ட் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமப்புறக் குடிநீர் லைன்களில் தெருவுக்குத் தெரு தீயணைப்பு ஹைட்ரன்ட் (தீயணைப்பு வண்டி ஹோஸ் மாட்டித் தண்ணீர் எடுக்கிற தெருக்குழாய்) வைக்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் ஹைட்ரன்ட் இருந்தும் தண்ணீர் வராமல் போனதை நேரில் பார்த்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே, தெரு முடிகிற இடத்தில் ஒரு ஹைட்ரன்ட் நிற்கிறது. சில வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டுக் கொட்டகை தீப்பிடித்தது. வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஒரு வீரர் ஓடிப்போய் மூடியைத் திருகினார், அசையவில்லை. மரையோடு சேர்த்துப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். சுத்தியலால் நாலு தட்டு தட்டிய பிறகுதான் கழன்றது. முதலில் காற்று சீறியது, அப்புறம் துரு நிறத்தில் தண்ணீர் வந்தது. ஹோஸ் கொஞ்ச நேரம் உப்பி நின்றது. வண்டியின் பம்ப் இழுக்கத் தொடங்கியதும் அப்படியே தட்டையாகிவிட்டது. அதே நேரத்தில் எங்கள் சமையலறைக் குழாயில் தண்ணீர் நின்று, உள்பக்கமாகக் காற்று இழுக்கிற சத்தம் கேட்டது. வண்டி குளத்துக்குப் போய் நிரப்பிக்கொண்டு திரும்புவதற்குள் கொட்டகை முழுதும் போய்விட்டது, வீட்டுக் கூரையின் ஒரு ஓரமும் எரிந்துவிட்டது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

பிறகு விசாரித்ததில், அந்த ஹைட்ரன்ட்டுக்கு அடியில் ஓடுவது இரண்டு இன்ச் குழாய் என்று தெரிந்தது. கடைசி முனையில் தேங்கும் கசடைக் கழுவிவிடத்தான் அதை வைத்திருக்கிறார்கள். தீயணைப்புக்கென்று யாரும் அதை நினைக்கவே இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தீயணைப்பு ஹைட்ரன்ட்தான். நாங்களும் அதை நம்பித்தான் இருந்தோம்.

கிராமப்புறக் குடிநீர் நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுடைய குழாய்கள் வீடுகளுக்குக் குடிநீர் கொடுக்கப் போடப்பட்டவை. தீயணைப்பு ஹைட்ரன்ட்டுக்கு ஆறு இன்ச் குழாயாவது வேண்டும் என்பது இந்தத் துறையில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. அழுத்தச் சரிவு ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால், இரண்டு இன்ச் குழாயைவிட ஆறு இன்ச் குழாய் சுமார் 18 மடங்கு தண்ணீர் கடத்தும். வெறும் மூன்று மடங்கு என்று நினைத்தால் அங்கேதான் ஏமாறுகிறோம்.

சரி, எல்லா இடத்திலும் ஆறு இன்ச் போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், தண்ணீரே கெட்டுப்போகும். ஆறு இன்ச் குழாயில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 18,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். அந்த லைனில் 20 வீடுகள், வீட்டுக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் என்று வைத்தால் மொத்தச் செலவு 10,000 லிட்டர்தான். லைன் மூன்று கிலோமீட்டர் நீளமென்றால், உள்ளே நுழைந்த தண்ணீர் கடைசி வீட்டுக்கு வந்து சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் குளோரின் வீரியம் குறைந்துபோகும். என்றோ ஒரு நாள் வரப்போகிற தீக்காக தினமும் குடிக்கிற தண்ணீரைப் பழசாக்குவது சரியா என்று நிர்வாகம் யோசிக்கிறது. அந்தத் தயக்கத்தில் தவறில்லை.

தொட்டிக் கணக்கும் இருக்கிறது. நிமிடத்துக்கு 1,900 லிட்டர் வீதம் இரண்டு மணி நேரம் கொடுக்க வேண்டுமென்றால் 2,28,000 லிட்டர் தனியாக இருப்பு இருக்க வேண்டும். சின்ன ஊர்களின் மேல்நிலைத் தொட்டி மொத்தமுமே அவ்வளவு இருக்காது.

எங்கள் சமையலறைக் குழாய் காற்றை இழுத்ததை நான் இன்னும் மறக்கவில்லை. தாங்காத லைனில் தீயணைப்பு பம்ப் முழு வேகத்தில் இழுத்தால், மேட்டில் இருக்கும் வீடுகளின் குழாய்க்குள் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே போகலாம். வாளிக்குள் கிடக்கிற ஹோஸிலிருந்தும், மண்ணுக்குள் கசிகிற இணைப்புகளிலிருந்தும் அழுக்கு உள்ளே வந்துவிடும். தீ எரிகிற நேரத்திலும் லைனில் 20 பி.எஸ்.ஐ., அதாவது தண்ணீரைச் சுமார் 14 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிற அழுத்தத்துக்குக் கீழே போகக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் உண்மையை எழுதி வையுங்கள். அமெரிக்காவில் தீப்பாதுகாப்புத் தரங்களை வகுக்கும் என்.எஃப்.பி.ஏ. சங்கம் பரிந்துரைக்கும் முறையில் ஹைட்ரன்ட்டின் தலைப்பகுதிக்கும் மூடிகளுக்கும், அளந்து பார்த்த நீரோட்டத்தின்படி வண்ணம் அடிக்கிறார்கள். நிமிடத்துக்குச் சுமார் 5,700 லிட்டரும் அதற்கு மேலும் என்றால் வெளிர்நீலம், 3,800-க்கு மேல் பச்சை, 1,900-க்கு மேல் ஆரஞ்சு, அதற்கும் கீழே என்றால் சிவப்பு. இருட்டில் வண்டியிலிருந்து இறங்குகிறவருக்கு இந்த ஒரு தகவல் போதும், எந்த ஹைட்ரன்ட்டுக்கு ஓடுவது என்று முடிவெடுத்துவிடுவார். வண்ணம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அளந்து பார்த்து அடித்ததாக இருக்க வேண்டும். கழுவிவிட மட்டும் வைத்த குழாயை ஹைட்ரன்ட் உருவத்திலேயே விடக் கூடாது. அதைக் கழற்றிவிட்டு, தரைமட்டத்தில் ஒரு வால்வாக மாற்றிவிடலாம்.

பராமரிப்பில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஹைட்ரன்ட்டுக்குப் போகும் கிளையில் சாலைக்கு அடியில் ஒரு வால்வு இருக்கும். ஏதோ ரிப்பேருக்காக அதை மூடியவர்கள் திரும்பத் திறக்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. மேலே எல்லாம் ஒழுங்காகத் தெரியும், திறந்தால் சொட்டுத் தண்ணீர் வராது. வருடத்துக்கு ஒரு முறையாவது அந்த வால்வையும் ஹைட்ரன்ட்டையும் முழுக்கத் திறந்து பார்த்து, மரைக்கு கிரீஸ் வைத்து, மெதுவாக மூட வேண்டும். வேகமாக மூடினால் தண்ணீர் அடிக்கிற அடியில் பழைய குழாய் வேறெங்காவது வெடிக்கும். இதையெல்லாம் யார் செய்வது என்று எழுத்தில் இருக்க வேண்டும். குடிநீர் நிர்வாகம் தீயணைப்புத் துறை பார்க்கும் என்றும், தீயணைப்புத் துறை குடிநீர் நிர்வாகம் பார்க்கும் என்றும் இருந்ததால்தான் எங்கள் தெரு மூடி பெயின்ட்டில் ஒட்டிக்கிடந்தது.

நான் இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணம் ஸ்பிரிங்க்ளர், அதாவது தீயின் சூட்டில் தானே திறந்து தண்ணீர் தெளிக்கிற வீட்டுக் குழாய் அமைப்பு. சின்ன லைனால் நிமிடத்துக்கு 1,900 லிட்டர் தர முடியாது, 100 லிட்டர் தர முடியும். வீட்டு ஸ்பிரிங்க்ளருக்கு அதுவே போதும். 1975-ல் முதலில் வந்த என்.எஃப்.பி.ஏ. 13டி என்ற வீடுகளுக்கான தரம், பொதுவாக இரண்டு ஸ்பிரிங்க்ளர் தலைகள் பத்து நிமிடம் ஓடுகிற அளவுக்குத் தண்ணீர் கேட்கிறது. ஒரு தலைக்கு நிமிடத்துக்கு 50 லிட்டர் என்றால் மொத்தம் 1,000 லிட்டர்தான். குழாயில் அதுவும் வராவிட்டால் வீட்டிலேயே ஒரு தொட்டியும் பம்பும் வைத்துக்கொள்ளலாம். ஒரு இடத்தில் சூடானால் வீடு முழுக்கத் தண்ணீர் கொட்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. சிவப்புக் கண்ணாடிக் குமிழ் வைத்த தலை 68 டிகிரி செல்சியஸில் வெடித்துத் திறக்கும். தீக்குப் பக்கத்தில் இருக்கிற தலை மட்டும்தான் திறக்கும், வண்டி வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடும்.

ஆனால் இணைப்பு கேட்டுப் போனால் பல இடங்களில் தனி மீட்டர், தனி டெபாசிட், மாதக் கட்டணம் என்று அடுக்குகிறார்கள். என் நண்பர் ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஸ்பிரிங்க்ளரே வேண்டாமென்று விட்டுவிட்டார். வீட்டுக்குச் சற்றுப் பெரிய ஒரே இணைப்பு கொடுத்து, ஸ்பிரிங்க்ளர் குழாயையும் வீட்டுக் குழாயையும் சேர்த்தே ஓடவிட்டால் தனி மீட்டர் எதற்கு? தினமும் புழங்குவதால் தண்ணீர் உள்ளே தேங்கி நாறாது. யாராவது வால்வை மூடினால் குளியலறையில் தண்ணீர் வராது, உடனே தெரிந்துவிடும். தனிக் குழாயாக வைத்தால்தான் மூடிக்கிடப்பது தீப்பிடிக்கும் நாள்வரை தெரியாமல் போகும். தனியாகத்தான் வேண்டும் என்றால், தேங்கிய தண்ணீர் பொது லைனுக்குத் திரும்பாதபடி தடுக்கும் வால்வு கட்டாயம் வேண்டும். அதில் நிர்வாகம் கண்டிப்பாக இருப்பது சரியே. குளிர் நாடுகளில் உறையாமலிருக்கக் குழாயில் ரசாயனம் கலந்து வைப்பதும் உண்டு, அங்கே இன்னும் கவனம் தேவை.

இன்னொன்று. பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும்போது அந்த வீட்டில் ஸ்பிரிங்க்ளர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் துண்டியுங்கள். குடிக்கிற தண்ணீரோடு தீயணைப்புத் தண்ணீரும் நின்றுவிடுகிறது என்பதை அந்த வீட்டாருக்கு நோட்டீஸிலேயே எழுதுங்கள்.

எங்கள் தெருமுனை ஹைட்ரன்ட் இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறது. போன மாதம் அதற்குப் புதுப் பெயின்ட்கூட அடித்தார்கள். அடிக்க வந்தவரிடம் மூடியின் மரையை மட்டும் விட்டுவிடச் சொன்னேன், விட்டுவிட்டார். அதை எடுத்துவிடுங்கள் அல்லது "கழுவிவிட மட்டும்" என்று எழுதிவையுங்கள் என்று இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறேன். மூன்றாவது மனுவோடு இந்தக் கடிதத்தின் நகலையும் வைத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தெருமுனை வீட்டு வாசகர்