பழைய சீட்டிலேயே ஓடும் இன்ஹேலர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்ஹேலர் என்றாலே 'பழகிவிடும், அப்புறம் விட முடியாது' என்று அஞ்சுகிறவர்கள் ஒருபுறம். என்றோ எழுதிய சீட்டைக் காட்டி அதே மருந்தை ஆண்டுக்கணக்கில் வாங்கி இழுக்கிறவர்கள் மறுபுறம். முதல் அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. இரண்டாவது பழக்கம்தான் கவலை தருகிறது.

பீடி, சிகரெட், விறகடுப்புப் புகையால் வரும் சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்குத் தரும் இன்ஹேலரில் இரு வகை மருந்துகள் இருக்கலாம். ஒன்று, மூச்சுக்குழாயை விரிப்பது: ஃபார்மோட்டெரால், சால்மெட்டெரால், டியோட்ரோபியம். முதலிரண்டும் கைநடுக்கமும் படபடப்பும் தரலாம். டியோட்ரோபியம் வாயை உலர்த்தும். புரோஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். மற்றது ஸ்டீராய்டு: பியூடசோனைடு, ஃப்ளூட்டிகசோன். நீண்ட காலப் பக்கவிளைவுகளில் அதிகம் கவனிக்க வேண்டியவை இதிலிருந்து வருபவை.

நாக்கில் வெள்ளைப் படலம், குரல் கம்முதல் ஆகியவை சீக்கிரமே தெரிந்துவிடும். அதிக அளவில் பல ஆண்டுகள் இழுத்தால் தோல் மெலிந்து, லேசாக இடித்தாலே கன்றிப்போகும். கண்புரை, எலும்புத் தேய்மானம் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடலாம். இவற்றைவிடப் பெரிது நிமோனியா. 2007-ல் வெளியான டார்ச் ஆய்வில் 6,000-க்கும் மேற்பட்ட சிஓபிடி நோயாளிகள் மூன்று ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். மருந்தில்லாத போலி இன்ஹேலர் இழுத்தவர்களில் நிமோனியா வந்தது 12.3 சதவீதம், சால்மெட்டெராலுடன் 500 மைக்ரோகிராம் ஃப்ளூட்டிகசோனைத் தினம் இருவேளை இழுத்தவர்களில் 19.6 சதவீதம்.

அதற்காக ஸ்டீராய்டே வேண்டாம் என்பதில்லை. யாருக்குத் தேவை என்பதைச் சாதாரண ரத்தப் பரிசோதனையே ஓரளவு சொல்லிவிடும். அதில் பார்ப்பது, நம் ஊரில் 'ஈஸ்னோபீலியா' என்ற பெயரில் பழகிப்போன அதே ஈசினோஃபில் எனும் வெள்ளையணுக்களைத்தான். ஒரு மைக்ரோலிட்டரில் 300-க்கு மேல் இருந்து, அடிக்கடி நோய் திடீரெனத் தீவிரமானால் ஸ்டீராய்டு நன்றாக உதவும். 100-க்குக் கீழே இருந்தாலோ, திரும்பத் திரும்ப நிமோனியா வந்தாலோ, முன்பு காசநோய் வந்திருந்தாலோ, அது வேண்டுமா என்று மருத்துவர் மறுபடி யோசிக்க வேண்டும். காசநோய் இத்தனை பேருக்கு வந்துபோன நாட்டில் இந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது.

ஆனால் யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுதான் அடிப்படை மருந்து. அதை விடுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இழுக்கும் முறையிலும் பாதி விஷயம் இருக்கிறது. ஸ்ப்ரே வகையைக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பத்து நொடி மூச்சை அடக்கி, அரை நிமிடம் கழித்தே அடுத்த பஃப். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும்; குரல் கம்முவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இன்ஹேலரின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் எனும் குழாய் போன்ற கூட்டை வைத்துக்கொண்டால் இது வெகுவாகக் குறையும். ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாக உலர விட வேண்டும். துடைத்தால் உண்டாகும் நிலைமின்சாரம் மருந்தைச் சுவரில் இழுத்துக்கொள்ளும். கேப்சூலைக் கருவியில் போட்டு இழுக்கும் பவுடர் வகையையோ இதற்கு நேர்மாறாக, வேகமாக இழுக்க வேண்டும். அந்தக் கேப்சூலை மாத்திரையென்று விழுங்குகிறவர்களும் உண்டு. கடையில் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். எந்த வகையானாலும் ஸ்டீராய்டு இழுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டில் மருந்தின் பெயருக்குக் கீழே, அடுத்து எந்த மாதம் வந்து காட்ட வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். அந்த மாதம் தாண்டிவிட்டால் மருந்துக் கடைக்காரரே கேட்டுத் திருப்பி அனுப்பலாம்.

இப்படிக்கு,
நுரையீரல் பிரிவு மருந்தாளுநர்கள்,
மதுரை