கிளாஸ் மாற்றத்துக்குப் பின் முடங்கிய கதாபாத்திரம்: புகார் கடிதம்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பணம் செலுத்திச் செய்த கிளாஸ் (கதாபாத்திரத்தின் தொழில்வகை) மாற்றத்தால் விளையாட்டைத் தொடர முடியாமல் போனது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் விளையாட்டை அது வெளிவந்ததிலிருந்து விளையாடி வருகிறேன். என் போர்வீரன் லெவல் 46ஐ எட்டியிருந்தான். நாங்கள் ஐந்து பேர் ஒரு குழு. எங்கள் ஹீலர் (காயம்பட்ட தோழர்களைக் குணப்படுத்துபவர்) வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டதால், அந்தப் பொறுப்பை நான் ஏற்பதாக முடிவானது. புதிதாக ஒரு கதாபாத்திரத்தை உருவாக்குவதைவிட, இத்தனை காலம் வளர்த்தவனையே ஹீலராக்க விரும்பினேன். உங்கள் கடையில் 499 ரூபாய் கொடுத்துக் கிளாஸ் மாற்றச் சுருளை வாங்கினேன். முந்தைய கிளாஸின் முன்னேற்றம் அப்படியே பாதுகாக்கப்படும் என்று அந்தத் திரை சொன்னது. வேறு எந்த எச்சரிக்கையும் அதில் இல்லை.

மாற்றிய உடனே ஹீலர் லெவல் 1இல் தொடங்கியது. அதில் எனக்கு வருத்தமில்லை. புதிய தொழிலை அடியிலிருந்து கற்பதுதான் முறை. ஆனால் உலகத்து அரக்கர்களின் பலம் என் இப்போதைய லெவலுக்கு ஏற்ப அமையவில்லை. கணக்கில் உள்ள உச்ச லெவலான 46க்கு ஏற்பவே அமைகிறது. தொடக்கக் கிராமத்தின் வேலியருகே திரியும் ஓநாய்கூட என் ஹீலரை ஒரே அடியில் வீழ்த்துகிறது. தாக்கும் வலிமை குறைந்த ஒரு கிளாஸுக்கு இதைவிடக் கொடுமையான ஏற்பாடு இருக்க முடியாது.

சண்டையிடாமல் லெவல் ஏறலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அனுபவப் புள்ளிகளை அள்ளித் தரும் கதைப் பணிகள் அனைத்தையும் போர்வீரனாக முடித்துவிட்டேன். அவை மீண்டும் திறக்கவில்லை. நிலவறைகளுக்குள் நுழையக் குறைந்தது லெவல் 15 வேண்டும். பையில் இருக்கும் கனமான கவசங்களை ஹீலர் அணிய முடியாது. சரி, போர்வீரனுக்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தால், ஹீலர் லெவல் 46ஐத் தாண்டும்வரை பழைய கிளாஸ் பூட்டப்பட்டிருக்கிறது.

இந்தப் பூட்டு புதிய யோசனை அல்ல. 1998இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டில் மனிதக் கதாபாத்திரம் கிளாஸ் மாறினால், புதிய கிளாஸின் லெவல் பழையதைத் தாண்டும்வரை பழைய திறன்களைப் பயன்படுத்த முடியாது. கடுமையான விதிதான், ஆனால் விளையாடுபவருக்கு அது முன்கூட்டியே தெரிந்த விதி. கூடவரும் தோழர்கள் போரிட்டுக் காப்பாற்ற, குழுவுக்குக் கிடைக்கும் அனுபவத்தில் அந்தக் கதாபாத்திரமும் மளமளவென வளர்ந்துவிடும். உங்கள் விளையாட்டிலோ லெவல் வித்தியாசம் பத்தைத் தாண்டினால் குழுவில் அனுபவப் பங்கே கிடையாது. என் நண்பர்கள் பக்கத்தில் நின்று காத்தாலும் எனக்கு ஒரு புள்ளிகூடச் சேரவில்லை.

'ஃபைனல் ஃபேன்டசி 14'இல் கையிலிருக்கும் ஆயுதத்தை மாற்றினாலே தொழில் மாறிவிடுகிறது. பழைய ஆயுதத்தை எடுத்தால் பழைய லெவல் அப்படியே காத்திருக்கிறது. பின்தங்கிய தொழில்களுக்குக் கூடுதல் அனுபவமும் தருகிறார்கள். 'பால்டர்ஸ் கேட் 3'இல் 100 பொற்காசு கொடுத்தால் வேறு கிளாஸாக மாறி, சேர்த்த அனுபவத்தைக் கொண்டு உடனே பழைய லெவலுக்கே ஏறிவிடலாம். அந்தக் காசும் விளையாட்டுக்குள்ளேயே சம்பாதிப்பது. இவற்றை அப்படியே பின்பற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. உழைத்து லெவல் ஏற எனக்கு மனமிருக்கிறது. ஏறுவதற்கு ஒரு படியாவது இருக்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதியபோது, சுருளைப் பயன்படுத்திவிட்டதால் எதுவும் செய்ய இயலாது என்றும், போர்வீரனின் புள்ளிகள் பத்திரமாகவே இருக்கின்றன என்றும் பதில் வந்தது. தொட முடியாத இடத்தில் அவை பத்திரமாக இருந்து எனக்கு என்ன பயன்? அரக்கர்களின் பலம் பற்றியும் குழுவின் அனுபவப் பங்கு பற்றியும் நான் கேட்ட கேள்விகளுக்கு அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூடப் பதில் இல்லை. படிக்காமலே அனுப்பிய பதில் அது என்றே கருதுகிறேன்.

என் போர்வீரனை லெவல் 46இல், அவன் கவசங்களோடு மீட்டுத் தர வேண்டும். செலுத்திய 499 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். அரக்கர்களின் பலம் இப்போதைய கிளாஸின் லெவலைப் பின்பற்றும்படி திருத்துங்கள். அதைத் திருத்தும்வரை அந்தச் சுருளின் விற்பனையை நிறுத்தி வையுங்கள். குறைந்தபட்சம், வாங்கும் பொத்தானுக்கு மேலேயே இந்தப் பூட்டைப் பற்றித் தெளிவாக எழுதுங்கள். என்னைப் போல நண்பர்களுக்காகக் கிளாஸ் மாறுகிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

பணம் செலுத்திய ரசீதையும், வாங்கும் திரையின் படத்தையும், உங்கள் பதிலின் நகலையும் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: மேற்குறிப்பிட்ட மூன்று ஆவணங்கள்