நாடு கடத்தல் கட்டளையும் ஒரு மாதக் கெடுவும்: மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். என் தங்கையின் கணவர் இந்தியப் பிரஜை, கோத்தகிரியில் பிறந்தவர். அவருடைய தாத்தா பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கென்று ஒதுக்கிய இந்திய வம்சாவளியினர் 525,000 பேரில் ஒருவராகத் தலைமன்னாரில் கப்பலேறினார். பேரன் கல்யாணம் கட்டிக்கொண்டு அதே மலைக்கு வந்து சேர்ந்தார். இப்போது அவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லிக் கட்டளை வந்திருக்கிறது. வழக்கைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார், அதற்காக உங்களிடம் சிபாரிசு கேட்கவில்லை.

கடிதம் வந்த விதத்தைக் கேளுங்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவருக்குத் தனி விலாசம் ஏது? தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஆளின் பெயர், அவ்வளவுதான். தோட்டத்து ஒபிசுக்கு வந்த கடிதக் கட்டுக்குள் கிடந்து, சம்பளத்தன்றுதான் கைக்குக் கிடைத்தது. பிரித்தால் முழுக்கச் சிங்களம். தங்கை அதை ஹட்டனுக்கு எடுத்துப்போய் ஓர் ஓட்டோக்காரத் தம்பியிடம் வாசிக்கக் கொடுத்தாள். "போகணும்னு இருக்கு அக்கா, ஏன்னு ஒண்ணும் இல்ல" என்றாராம்.

கட்டளை வந்தால் மேன்முறையீடு செய்யலாமே என்பார்கள். எங்கே? குடிவரவு மேன்முறையீட்டுக்கென்று தனி நியாயசபை இந்த நாட்டில் இல்லை. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டப்படி, பொதுநலனுக்கு உகந்தது என்று அமைச்சர் கருதினாலே நாடு கடத்தக் கட்டளையிடலாம். (எங்களை நாடற்றவர்களாக்கிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதே ஆண்டுதான்.) மிஞ்சுவது கொழும்பு. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனு போடலாம். ஆனால் அங்கே கட்டளை சட்டப்படி பிறந்ததா என்றுதான் பார்ப்பார்கள், குடும்பம் என்னாகும் என்பது பின்னுக்குப் போய்விடும். குடிவரவு மாகாண சபை விடயம் அல்ல என்பதால் மாகாண மேல் நீதிமன்றத்தில் இந்த மனுவுக்கு இடமில்லை. மனு போட்டாலும் இடைக்காலத் தடையுத்தரவு கிடைக்கும்வரை ஆளை ஏற்றி அனுப்பத் தடையில்லை.

இன்னொரு வழி, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் 12(1)ஆம் உறுப்புரை பிரஜைகளுக்கு மட்டுமானதல்ல, வெளிநாட்டவரும் அதன் கீழ் போகலாம். சரி, கெடு எவ்வளவு? ஒரு மாதம். அதில் எத்தனை நாள் எங்கள் கடிதம் ஒபிஸ் மேசையில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்!

அரசியலமைப்பின் 13(7)ஐயும் ஒருமுறை வாசியுங்கள். நாடு கடத்தல் கட்டளையின் பேரில் ஒருவரைப் பிடித்து வைப்பது, கண்டபடி கைதுசெய்வதைத் தடுக்கும் அந்த உறுப்புரையை மீறியதாகாது என்கிறது. அதே வரியில் 1967ஆம் ஆண்டின் இந்திய - இலங்கை ஒப்பந்த அமுலாக்கல் சட்டமும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் ஆட்களைக் கப்பலேற்றிய சட்டம் அது. இத்தனை தேர்தல் கண்ட மலையகத் தலைவர்கள் இதைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்பது என் அபிப்பிராயம்.

விசா விதியை மீறிய எவரையும் அனுப்பவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அனுப்புவதற்கு முன் ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். காரணத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும். தமிழில் கடிதம் பெறுவது சலுகை அல்ல, அரசியலமைப்பில் உள்ள உரிமை. கெடு, கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓட வேண்டும். கண்டியிலோ நுவரெலியாவிலோ அமர்ந்து விசாரிக்க ஒரு சுயாதீனக் குழு வேண்டும், அது முடிவு சொல்லும்வரை ஆளை அனுப்பக் கூடாது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் பிரஜாவுரிமை வருகிறது. என் தங்கையின் பிள்ளைகள் இலங்கையர். அவர்களுடைய நலனையும் அந்தக் குழு கேட்கட்டும்.

சட்டத்தைத் திருத்த நாளெடுக்கும், தெரியும். அதுவரை பாராளுமன்றத்தில் ஒரு வாய்மூலக் கேள்வியாவது கேளுங்கள்: தமிழ் பேசுவோருக்கு அனுப்பிய நாடு கடத்தல் கட்டளைகளில் தமிழில் போனவை எத்தனை? அமைச்சர் தரும் பதிலைத் தோட்டத் தலைவர்மார் மூலம் எங்களுக்கும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியர்